பதினைந்து நாள் நிய்யத்



ராணுவத்தில் பணிபுரியும் கணவருக்குக் கடல் கடந்த முகாமில் குடும்பக் குடியிருப்பு கிடைத்தால், மனைவி மக்கள் உடன் செல்ல வேண்டுமா, ஊரிலேயே இருந்துகொள்ள வேண்டுமா? வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து படையில் சேரும் பிள்ளைகள் உண்டு. ஆகவே இந்தக் கேள்வி எங்கள் பகுதி வீடுகளில் அவ்வப்போது எழுகிறது. 2013 முதல் 2016 வரை மூன்றாண்டுகள் அந்தமானில், போர்ட் பிளேயர் ராணுவக் குடியிருப்பில் நான் வாழ்ந்தவள் என்பதால், மத்ரஸாவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். என் விடை எப்போதும் ஒன்றே: செல்லுங்கள். எனினும் அந்த ஒரு சொல்லுக்குரிய விலையையும் முறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிரிந்து வாழ்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் வருவதும், தொலைபேசி வழியாகவே பிள்ளை வளர்ப்பதும் நாம் கண்டு பழகியவை. விடுப்பில் வந்த தகப்பனாரைப் பார்த்து, "நீங்க எப்ப போவீங்க?" என்று கேட்ட குழந்தையை என் உறவிலேயே கண்டிருக்கிறேன். அங்கே பலருக்கு வேறு வழியில்லை. குடும்ப விசாவுக்கு வேண்டிய ஊதியம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. படைவீரரின் நிலை வேறு. எல்லைப்புறப் பணியில் பிரிவும், குடும்பக் குடியிருப்பு உள்ள நிலையங்களில் சேர்ந்து வாழும் வாய்ப்பும் அவருக்கு மாறி மாறி வருகின்றன. பணிக்காலம் முழுவதையும் கூட்டினாலும் அந்த வாய்ப்பு சில ஆண்டுகளே. அது வரும்போது மூன்று அச்சங்கள் குறுக்கே நிற்கின்றன: பிள்ளைகளின் தீன் என்ன ஆகும், தமிழ் என்ன ஆகும், வயதான பெற்றோர் என்ன ஆவார்கள். மூன்றும் நியாயமான அச்சங்களே.

அந்தமான் இந்திய மண்தான். அங்கு செல்லக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஆயினும் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் இடையில் கிடக்கிறது. கப்பலில் சென்றால் மூன்று நாள். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றையும் ஒரே தலைமையின்கீழ் வைத்து 2001-ல் அமைக்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் போர்ட் பிளேயரில்தான் இருக்கிறது. இத்தகைய முப்படைக் கூட்டுத் தலைமையகம் நம் நாட்டில் அதுவே முதலாவது. 2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. நான் வாழ்ந்த காலத்துப் பெயரையே இங்கு எழுதுகிறேன்.

கணவரின் பெயரும் படை எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய மூன்று கறுப்பு டிரங்குப் பெட்டிகளோடு நாங்கள் போய் இறங்கினோம். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. முகாம் வாசலில் அடையாள அட்டை, பெட்டிச் சோதனை, கையொப்பம் என ஒவ்வொன்றாக முடிய வேண்டும். பிற ஊர்ப் பெண்களுக்கு இது முதலில் மனத்தை உறுத்துவதுண்டு. பட்டாசு ஆலைகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு வாசல் சோதனை பழகிய ஒன்று. தீப்பெட்டியையும் பீடியையும் கைப்பேசியையும் வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே செல்வதும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பதும் எங்கள் பெண்கள் அன்றாடம் கடைப்பிடிக்கும் விதிகள். அவற்றை மீறினால் என்ன நேரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வீட்டை ஒப்படைக்கும் முறைக்கு ராணுவத்தில் 'மார்ச்சிங் இன்' என்று பெயர். ராணுவப் பொறியியல் பிரிவின் பணியாளர் ஒருவர் பட்டியலோடு வந்து, மின்விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, குழாய் எத்தனை, எந்தக் கண்ணாடியில் விரிசல் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கையொப்பம் வாங்குவார். காலி செய்யும் நாளில் அதே பட்டியலோடு 'மார்ச்சிங் அவுட்'. வாங்கியதை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். அமானத் என்ற சொல்லுக்கு மத்ரஸாவில் நான் எத்தனையோ எடுத்துக்காட்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது இந்தப் பட்டியலையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில் வேர் பிடிப்பது எப்படி? இரண்டோ மூன்றோ ஆண்டில் கிளம்பப் போகிறோமே என்று பெட்டிகளைப் பிரிக்காமலே நாள் கடத்திய குடும்பங்களை அங்கு கண்டேன். திரைச்சீலை போடாத சன்னல், வாசலில் ஒரு செடியும் இல்லாத வீடு. ஃபிக்ஹு பாடத்தில் பயணி, ஊரில் தங்குபவர் என்ற பிரிவுகள் உண்டு. பயணி முஸாஃபிர், தங்குபவர் முகீம். முஸாஃபிர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவார். முகீம் முழுமையாகத் தொழுவார். நாங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், ஓர் ஊரில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் செய்தவர் முகீம் ஆகிவிடுகிறார். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள். வீடு சொந்தமா, அந்த ஊர்ப் பேச்சு தெரியுமா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. அது கேட்பது நிய்யத் ஒன்றைத்தான்.

அதே பாடத்தில் இன்னொரு விதியும் வருகிறது. ஒருவரைச் சார்ந்து பயணம் செய்பவருக்கு, அவர் யாரைச் சார்ந்திருக்கிறாரோ அவருடைய நிய்யத்தே கணக்கு. இதற்கு ஹனஃபி நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு: தளபதியைச் சார்ந்த படைவீரர், கணவரைச் சார்ந்த மனைவி. ஓதிய நாளில் இவ்விரண்டும் எனக்கு ஏட்டில் உள்ள வரிகள். போர்ட் பிளேயரில் என் வீட்டுக்குள்ளேயே இரண்டும் இருந்தன. எப்போது வருவோம், எப்போது போவோம் என்பது ஆணையின்படி. எனினும் இருக்கும் நாள்களில் முகீமாக இருப்பது எங்கள் கையில். முதல் வாரத்திலேயே பெட்டிகளைப் பிரித்தோம். வாசலில் முருங்கைக் கொம்பு ஒன்றை நட்டேன்.

அடுத்துப் பழக வேண்டியது நேரம். இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம், சூரியன் அப்படியில்லை. வெம்பக்கோட்டை இருப்பது ஏறத்தாழ கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையில். போர்ட் பிளேயர் 93-க்கு அருகில். பதினைந்து பாகை என்றால் ஒரு மணி நேரம். ஊரில் பகல் 12.20 அளவில் உச்சி சாய்ந்தால், அங்கே 11.20-க்கே லுஹர் வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் மஃரிப். நாங்கள் இருந்த ஆண்டுகளில் ரமழான் ஜூன், ஜூலை மாதங்களில் வந்தது. ஜூன் இறுதியில் அதிகாலை 3.45-க்குள் சஹரை முடிக்க வேண்டும், மாலை 5.45 அளவில் நோன்பு திறப்பு. ஊரில் அப்போது வெயில் இருக்கும். நாங்கள் கஞ்சி குடித்து முடித்த பிறகும் என் அத்தா நோன்போடு இருப்பார்கள். தொலைபேசியில் அழைத்தால், "எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்மா, நீ முதல்ல சாப்பிடு" என்பார்கள்.

ஊர்க் கடிகாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே வாழ்ந்தால் தொழுகையும் தூக்கமும் பள்ளி நேரமும் ஒன்றோடொன்று மோதும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டு விளக்குகளை அணைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் எல்லாம் ஒழுங்கு பெற்றன. புதிய இடத்தில் குடியேறும் சகோதரிகள் முதலில் அவ்வூரின் தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் மாட்டட்டும். வீட்டின் மற்ற நேரங்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

பருவநிலையும் வேறு. எங்கள் மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் அளவே. அந்த வறட்சியே பட்டாசுத் தொழிலுக்கு ஏற்ற சூழலைத் தந்தது. அந்தமானில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உடுப்பிலும் தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூஞ்சை பிடிக்கும். குர்ஆன் பிரதிகள் இருந்த அலமாரிக்குள் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரத்தைப் போக்கினோம். இவ்வளவு மழை பெய்தும் கோடையில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு. நகருக்குக் குடிநீர் தரும் தானிக்காரி அணை வற்றும் மாதங்களில் குழாயில் நாள் விட்டு நாள்தான் தண்ணீர் வரும். சில வாரம் அதுவும் தள்ளிப்போகும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலில் வர வேண்டும். புயலால் கப்பல் தாமதித்தால் மீனும் தேங்காயும்தான் சமையல்.

அந்தத் தண்ணீரே எனக்கு அண்டை வீட்டாரைத் தந்தது. எங்கள் அடுக்கில் எட்டு வீடுகள். கடுவால் மலைநாட்டினர், பஞ்சாபியர், வங்காளியர், மலையாளிகள் எனப் பல நாட்டார். கோடையில் குழாய் திறக்கும் நேரம் விடியற்காலை நான்கு மணி அளவில். அந்த நேரத்தில் சுபுஹுக்காக விழித்திருப்பது எங்கள் வீடு மட்டுமே. நான் படியில் ஏறியிறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பானி ஆ கயா" என்று சொல்வேன். இந்தியில் நான் பிழையின்றிப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். நாளடைவில், நான் தொழுகையில் நிற்கும் நேரத்தில் தண்ணீர் வந்தால், எங்கள் குடங்களை மேல் வீட்டுச் சகோதரி நிரப்பிவைக்கத் தொடங்கினார். குழம்பில் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்ன நபிமொழியைப் பிள்ளைகளுக்கு நடத்தும்போதெல்லாம் அந்தக் குடங்கள் என் நினைவுக்கு வருகின்றன.

வெம்பக்கோட்டை என்ற பெயரை அங்கு எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பட்டாசுப் பெட்டியில் அச்சிட்ட 'சிவகாசி' என்ற சொல்லைப் படிக்காதவர் எவருமில்லை. ஆதலால் அடுக்கு முழுவதற்கும் நான் 'சிவகாசிவாலி பாபி' ஆனேன். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள அச்சத்தை ஒருவர் மட்டும் கண்டுகொண்டார். முகாமின் பயிற்சித் திடலில் துப்பாக்கி சுடும் ஓசை எழும் காலைகளில் நான் வெளியே வந்து வானத்தின் நாற்புறமும் பார்ப்பதுண்டு. எங்கள் ஊரில் வெடியோசை கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு வாசலுக்கு வந்து, எந்தத் திசையில் புகை எழுகிறது, இன்று யார் வீட்டார் எந்த ஆலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். உடல் பழகிய பழக்கம் அது. கடுவால் சகோதரி காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு பயிற்சி நாள் என்றால் முந்தின மாலையே வந்து, "நாளைக்குச் சத்தம் கேட்கும், புகையைத் தேடாதே" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தீவுக்கு உரிய அச்சமும் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் அவர்களுடைய மனைவி மக்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஞாயிற்றுக்கிழமைக் காலை, குடும்பங்கள் வீட்டில் இருந்த நேரம். படைவீட்டுப் பெண்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். நில அதிர்வு அங்கு அடிக்கடி வரும். ஓர் இரவு கட்டில் ஆடியது. கணவர் வேறொரு தீவில் பணியில் இருந்தார். எந்தத் தீவு என்று நான் கேட்கவும் கூடாது, அவர் சொல்லவும் கூடாது. மகளைக் கைப்பிடித்துப் படியிறங்கும்போது மகன் என் கையில் இல்லை. பஞ்சாபிச் சகோதரர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே திடலில் நின்றிருந்தார். விடியும்வரை எட்டு வீடுகளும் அந்தத் திடலில் அமர்ந்திருந்தோம்.

இனி அந்த மூன்று அச்சங்களுக்கு வருகிறேன். முதலாவது தீன். இந்திய ராணுவத்தில் பண்டிதர், கிரந்தி, பாதிரியார், மௌலவி எனச் சமய ஆசிரியர்கள் இளநிலை அதிகாரி தகுதியில் பணிபுரிகிறார்கள். ஒரு பிரிவில் எந்தச் சமயத்தார் போதிய எண்ணிக்கையில் உள்ளனரோ அதற்கேற்பவே அவர்கள் அமர்த்தப்படுவார்கள். எங்கள் பிரிவில் முஸ்லிம் குடும்பங்கள் நான்குதான், மௌலவி இல்லை. கணவர் மேலதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்ற பிறகு, அஸருக்குப் பின் எங்கள் முன்னறையில் ஆறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தேன். ஓத வந்த பிள்ளைகளின் தாய்மொழி மூன்று. அலிஃப், பா எல்லோருக்கும் ஒன்றே. மகளின் மனனம் ஊரில் இருந்திருந்தால் இன்னும் முன்னேறியிருக்கும். அது இழப்புத்தான்.

பெருநாள் தொழுகைக்கு நகரத்துப் பள்ளிவாசலுக்குச் செல்லும்போது மாப்பிள்ளைக் குடும்பங்களைச் சந்திப்போம். 1921 மலபார்ப் போராட்டத்துக்குப் பின் ஆங்கிலேயர் அந்தமானுக்கு நாடு கடத்திய கைதிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். கைதிகள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அரசு பின்னர் இடமளித்தது. திரும்பிச் செல்லும் வழி உறுதியில்லாத நிலையில் கடல் கடந்து வந்த அப்பெண்கள் அங்கே குடித்தனம் நடத்தினார்கள். மலப்புரம், மஞ்சேரி, வண்டூர், கள்ளிக்கோட்டை என அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் இன்றும் தெற்கு அந்தமான் கிராமங்களுக்கு வழங்குகின்றன. விடுப்பும் ஊதியமும் ஓய்வூதியமும் உள்ள நாங்கள் எங்கள் தனிமையைப் பெரிதாகப் பேச அவர்கள் முன் கூச்சமாக இருக்கும்.

இரண்டாவது தமிழ். பிள்ளைகள் படித்த மத்திய அரசுப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும்தான். அபர்தீன் கடைவீதியில் தமிழ்க் குரல் கேட்காமல் நாங்கள் திரும்பியதில்லை. ஆனால் கடைத்தெருத் தமிழ் எழுத்தைத் தராது. வாரம் ஒரு கடிதம் நன்னிக்கு எழுத வேண்டும் என்று வைத்தோம். சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் எல்லாம் செயற்கைக்கோள் வழியே. இணையம் இருந்தும் இல்லாதது போல. அந்தக் குறையால் கடிதம் பிழைத்தது. மகன் 'ழ'கரத்தை எழுதக் கற்றது அந்தக் கடிதங்களில்தான்.

மூன்றாவது பெற்றோர். இதற்கு என்னிடம் ஆறுதலான விடை இல்லை. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அஸருக்குப் பின் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அத்தா வஃபாத் ஆகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்நாளில் இருட்டிய பிறகு போர்ட் பிளேயரிலிருந்து பயணிகள் விமானம் கிடையாது. மறுநாள் முதல் விமானத்தில் சென்னை, அங்கிருந்து மதுரை, பிறகு காரில் ஊர் என்று போனாலும் மாலையாகிவிடும். ஜனாஸாவைத் தாமதிப்பது முறையன்று. "அடக்கிடுங்கண்ணே" என்று அண்ணனிடம் நானே சொன்னேன். காலை பத்து மணிக்கு நல்லடக்கம் முடிந்தது. அப்போது நான் கடலுக்கு மேல் விமானத்தில் இருந்தேன். ஊரில் இல்லாதவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸா ஹனஃபி மத்ஹபில் இல்லை. துஆ மட்டுமே எனக்கு இருந்தது.

உடன் செல்லுங்கள் என்று சொல்லும்போது இந்த விலையையும் சேர்த்தே சொல்கிறேன். கிளம்புமுன் பெற்றோரிடம் அமர்ந்து பேசுங்கள். வஃபாத் நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம் என்பதை அப்போதே பேசி முடியுங்கள். அத்தா என்னிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் அண்ணனிடம் என்னால் சொல்ல முடிந்தது. கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, மன்னிப்புக் கேட்டு, துஆ பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

அந்த விலைக்குக் கிடைத்தது என்ன? கணவர் பணி முடிந்து வரும் காலடியோசையைப் பிள்ளைகள் கண்டுகொள்ளத் தொடங்கினார்கள். மகனுக்கு மிதிவண்டி ஓட்டவும், மகளுக்குக் கணக்குப் போடவும் கற்றுக்கொடுத்தது அவர்களுடைய தகப்பனார். அவருக்குக் கோபம் வரும் இடமும் சிரிப்பு வரும் இடமும் அவர்களுக்குத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் எல்லைப்புறப் பணியில் கழிந்த பிரிவை எங்கள் வீடு தாங்கியது இந்த மூன்றாண்டுச் சேமிப்பைக் கொண்டே.

2016-ல் பட்டியலோடு அந்தப் பணியாளர் வந்தார். மின்விசிறி, விளக்கு, குழாய் எல்லாம் சரியாக இருந்தன. சுவரில் நாங்கள் அடித்த இரண்டு ஆணிகளின் துளையைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தேன். முருங்கை மரம் பட்டியலில் இல்லை; அடுத்து வருபவருக்கு விட்டுவந்தோம். தற்காலிகமாகத் தங்கும் ஊரை ஃபிக்ஹு நூல்கள் வதனுல் இகாமா என்கின்றன. அங்கிருந்து பயணம் கிளம்பியதும் சட்டப்படி அந்த உறவு முடிந்துவிடும்.

அண்டை வீட்டாரோடு கொண்ட உறவு முடியவில்லை. 2021 பிப்ரவரியில் எங்கள் வட்டத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி வெளியான அன்று இரவே கடுவாலிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் எனக்கு அழைப்புகள் வந்தன. நாடெங்கும் சிதறிவிட்ட அந்த எட்டு வீட்டுப் பெண்களுக்கு வெம்பக்கோட்டை என்ற பெயர் இப்போது தெரியும்.

கடல் கடந்தும் எல்லையிலும் பணிபுரியும் எல்லோரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் வல்ல ரஹ்மான் பாதுகாப்பானாக. பிரிந்திருப்போரை நலமுடன் சேர்த்துவைப்பானாக. தூரத்திலிருந்ததால் பெற்றோரின் ஜனாஸாவுக்கு வந்துசேர முடியாத பிள்ளைகளின் துஆக்களை ஏற்று, அவர்களுடைய கப்ருகளை ஒளியால் நிரப்புவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.